படம் பார்த்து எண்ணுவோம்

நூறு வரை எண் சொல்லும் குழந்தையைக் கண்டு பெற்றோர் பூரிப்பது இயல்பே. ஆனால் அக்குழந்தையின் முன் ஏழு புளியங்கொட்டைகளை வைத்து, "எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். விரல் ஒன்றைத் தொடுமுன் நாவு மூன்றைச் சொல்லிவிடும். தொட்டதையே மீண்டும் தொட்டு, ஒன்பது என்று முடிக்கும். எண்களை ஒப்பித்தல் வேறு. பொருள்களை எண்ணுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணராமல் நாம் எழுத்துப் பலகையையும் பிரம்பையும் எடுத்துவிடுகிறோம். "இவனுக்குக் கணக்கு வராது" என்ற சொல் வீட்டிலேயே பிறக்கிறது. ஐந்து வயதில் அச்சொல்லைக் கேட்ட பிள்ளை அதை உண்மையென்றே நம்பி வளர்கிறது. பின்னர் எந்த ஆசிரியர் வந்தாலும் அவ்வச்சத்தைப் போக்குவது எளிதன்று.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை நமக்கு நினைவூட்டுகிறது. அப்பொறுப்பை நிறைவேற்றப் பெரும் படிப்போ பொருட்செலவோ தேவையில்லை. ஒரு படப் புத்தகமும், மாலையில் கால் மணி நேரமும் போதும்.

ஒரு புழுவின் கதை

அமெரிக்க ஓவியரான எரிக் கார்ல் (1929–2021) ஆக்கிய ஒரு நூல் 1969-இல் வெளிவந்தது. பசி மிகுந்த கம்பளிப்புழு ஒன்றின் கதை அது. தாள்களைத் துளையிடும் கருவியால் விளையாட்டாகத் துளையிட்டபோது இக்கதை அவருக்குத் தோன்றியதாம். ஞாயிறன்று முட்டையிலிருந்து வெளிவரும் புழு, திங்களன்று ஓர் ஆப்பிளையும், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய்களையும், இவ்வாறே ஏறிச்சென்று வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சுகளையும் துளைத்துத் தின்கிறது. சனியன்று பத்து வகைத் தின்பண்டங்களை விழுங்கி வயிற்றுவலியால் வாடுகிறது. மறு ஞாயிறன்று ஒரே ஒரு பச்சிலையைத் தின்று நலமடைகிறது. பக்கங்களில் உண்மையான துளைகள் உண்டு. குழந்தை தன் விரலை நுழைத்தே எண்ணலாம்.

இந்நூல் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் கொய்யா, வாழை, மாம்பழம் என நம் கனிகளை வரைந்து, துளையிட்டு, நூலால் தைத்துக்கொள்ளலாம். கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள்.

செய்து பார்க்கலாம்

முதலாவது, தொட்டு நகர்த்தி எண்ணுதல். ஒவ்வொரு கனிக்கும் ஒரு புளியங்கொட்டை என எடுத்து, இடப்புறமிருந்து வலப்புறமாக நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். எண்ணியது எது, எண்ணாதது எது என்பது கண்ணுக்கே தெரியும். முடிந்ததும், "ஆக மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். இறுதியாகச் சொன்ன எண்ணே முழுத் தொகை என்பதைக் குழந்தை மெல்ல உணரும். அவற்றையே பரப்பியும் குவித்தும் வைத்து மீண்டும் கேளுங்கள். இடம் மாறினாலும் தொகை மாறாது என்பது பெரியவர்களுக்குத் தெளிவு. குழந்தைக்கோ அது ஒரு கண்டுபிடிப்பு.

இரண்டாவது, படிக்கட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எனப் பொத்தான்களை வரிசை வரிசையாக அடுக்கினால் படிக்கட்டு தோன்றும். ஒவ்வொரு படியும் முந்தியதைவிட ஒன்று மிகுதி. மொத்தம் 15. மூத்த பிள்ளை அருகிலிருந்தால், அதே போன்ற இன்னொரு படிக்கட்டைத் தலைகீழாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசைகள், ஆக 30. அதில் பாதி 15. ஒரே விளையாட்டில் இளையவன் கூட்டலையும், மூத்தவள் பெருக்கலையும் கற்கிறார்கள்.

மூன்றாவது, புழு செய்தல். பழைய திருமண அழைப்பிதழ்களின் மேல் வளையலை வைத்து வட்டங்கள் வரைந்து வெட்டுங்கள். பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள் என ஒட்டும்போது, "அடுத்து எது?" என்று கேளுங்கள். ஒழுங்கைக் கண்டுபிடிப்பதும் கணக்கே. ஒட்டிய புழுவைக் கொண்டே பாயையும் பலகையையும் அளக்கலாம்: பாய் எத்தனை புழு நீளம்? மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொட்டைகளையும் பொத்தான்களையும் தனியே விட்டுவிடாதீர்கள், வாயிலிட்டுக்கொள்வர்.

நான்காவது, நாட்களை எண்ணுதல். ஞாயிறு முதல் மறு ஞாயிறு வரை, இரண்டு ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணினால் எட்டு நாட்கள். பாஸ்கா எண்கிழமையின் பெயர்க் காரணமும் இதுவே என்று அப்போது சொல்லலாம். வீட்டில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால், இலைகளைப் புரட்டிப் பாருங்கள். அவற்றில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் நம் ஊர்களில் உண்டு. புழு கூட்டுப்புழுவாகும் நாளிலிருந்து சிறகு விரிக்கும் நாள் வரை நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு கோடிட்டு, இறுதியில் கோடுகளை எண்ணட்டும். காத்திருத்தலும் ஒரு பாடமே.

பிள்ளை தவறாக எண்ணினால், "தப்பு" என்று அதட்ட வேண்டாம். "மறுபடியும் தொட்டுப் பார்ப்போமா?" என்பதே போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல் அறவே கூடாது. இத்தாலியரான மரிய மொந்தெசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். குழந்தை கைகளாலேயே கற்கிறது என்பது அவரது கல்விமுறையின் அடிப்படை. தந்தையரும் இதில் பங்குகொள்ளட்டும். அன்றாட உழைப்பால் களைத்து வருபவர் கைப்பேசியைச் சற்று ஒதுக்கிவைத்து மடியில் பிள்ளையை அமர்த்தினால், அவர் களைப்பும் தீரும்.

சிறுவனின் வெறுங்கை

விவிலியப் படங்களையும் இவ்வாறே பயன்படுத்தலாம். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஒரு சிறுவனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் இருந்தன. தாளில் வெட்டி, பிள்ளையின் கையில் கொடுங்கள். ஐந்தும் இரண்டும் ஏழு. "எல்லாவற்றையும் ஆண்டவரிடம் கொடுத்தபின் உன் கையில் எத்தனை?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை. பூச்சியம் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடநூல் ஏது? பின்னர் பன்னிரண்டு காகிதக் கூடைகளை வரிசையாக வைத்து, மீந்த துண்டுகளால் நிரப்பச் சொல்லுங்கள்.

தனக்கென வாரி விழுங்கிய புழுவுக்கு வயிற்றுவலி வந்தது. கையிலிருந்ததைக் கொடுத்த சிறுவனால் ஐயாயிரம் பேர் பசியாறினர். எவ்வளவு போதும், எவ்வளவு பகிரலாம் என்று அறிவதும் கணக்கின் ஒரு பகுதியே. இவ்வாரம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். எண்ணுவதில் மகிழ்ச்சி காணும் பிள்ளை கணக்கைக் கண்டு அஞ்சாது.