மதுரைக்குக் கொண்டு போங்கள்!

'மதுரைக்குக் கொண்டு போங்கள்' என்ற மூன்று சொற்களைக் கேட்காத குடும்பம் காரியாபட்டி வட்டாரத்தில் இருக்குமா என்பது சந்தேகம். பிரசவ வலி முற்றியவளுக்கும், நான்கு வழிச் சாலையில் அடிபட்டவனுக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பெரியவருக்கும் இதுதான் முதல் வைத்தியம். சிலருக்கு இதுவே கடைசி வைத்தியமாகவும் முடிந்து போகிறது.

2008-ஆம் வருஷம் செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் கரிசல் காட்டில் நோயாளியைக் கட்டிலோடு தூக்கினார்கள். மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ ஓடினார்கள். அந்த வண்டியைப் பழித்தால் என் நாக்கு அழுகிப் போகும். பன்னிரண்டு மணி நேரம் ஒரே மூச்சாக வேலை பார்த்துக்கொண்டு, அதை எட்டு மணி நேரமாக்குங்கள் என்று பல முறை கேட்டுப் போராடியிருக்கிற அதன் ஊழியர்களைப் பற்றியும் எனக்குக் குறையில்லை. என் சண்டை வேறு.

சென்ற கார்த்திகையில், விளக்கு வைக்கிற நேரத்தில், என் பெரியம்மா மகளின் பையன் போன் செய்தான்.

"மாமா, அம்மாவுக்குப் பூச்சி தொட்டுருச்சு."

பருத்திக் காட்டில் களையெடுத்துவிட்டு வரப்பில் வந்தவளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வண்டி சீக்கிரமே வந்தது. முதலில் கண்ட ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப் போவதில்லை. இளம் டாக்டர் ஒருவர், நர்ஸ் ஒருத்தி. டாக்டர் காலைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சீட்டில் எழுதினார்: மதுரைக்கு.

மருந்து அங்கேயே குளிர்ப்பெட்டியில் இருந்ததென்று பிற்பாடு அறிந்தேன்.

அக்கா பிழைத்தாள். ஆனால் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்து, பல நாள் கிடந்து பிழைத்தாள். வீட்டிலிருந்த ஆடுகள் ஒவ்வொன்றாய்ச் சந்தைக்குப் போயின.

நான் கதை எழுதுகிறவன்; வைத்தியம் படித்தவனல்லன். ஆயினும் கோபம் வந்தால் படித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. விரியன் விஷம் ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்தால் போதும். ரத்தம் உறையாவிட்டால் விஷம் வேலை செய்கிறது. விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை நம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்தாம் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து இருப்பதாகச் சர்க்கார் சொல்கிறது. பிறகு ஏன் ஊசி போடவில்லை?

சட்டையைப் பிடித்துக் கேட்பது என்ற எண்ணத்தோடுதான் அந்த டாக்டரைத் தேடிப் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"சார், அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் விழும். சமாளிக்க மருந்து இருக்கிறது. ஆனால் நான் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அன்றைக்கு உள்ளே ஒரு பிரசவம். வெளியே உங்கள் ஆட்கள் நாற்பது பேர். நான் ஊசி போட்டு அந்த அம்மா இறந்திருந்தால் அது கொலை. போடாமல் அனுப்பி வழியில் இறந்திருந்தால் அது விதி."

நான் பேசாமல் எழுந்து வந்தேன். அந்த நாற்பது பேரில் ஜன்னல் கண்ணாடியைத் தட்டியவன் என் சொந்தத் தம்பி.

இதுதான் விஷயம். செய்கிறவனுக்குத் தண்டனையும் தள்ளிவிடுகிறவனுக்குப் பத்திரமும் கிடைக்கிற ஏற்பாட்டை நாம் எல்லோரும் சேர்ந்து கட்டி வைத்திருக்கிறோம். போன் வந்து எத்தனை நிமிஷத்தில் வண்டி போயிற்று என்று அதிகாரிகள் கணக்குச் சொல்கிறார்கள். நல்ல கணக்குத்தான். ஆனால் நோயாளிக்கு முதல் மருந்து எத்தனை நிமிஷத்தில் ஏறிற்று என்ற கணக்கை யாராவது மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வண்டியின் கடிகாரம் ஓடி முடிந்த இடத்தில்தான் அக்காவின் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

மதுரை எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்பது பெருமை என்று நினைத்திருந்தேன். அதுவே சாபமாகிவிட்டது. மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்காரர் வேறு வழியின்றி வைத்தியம் செய்வார். காரியாபட்டிப் பக்கத்திலோ சாலை வழவழவென்று கிடக்கிறது, அனுப்பிவிடுவது சுலபம். அங்கே மதுரையில், பல ஜில்லாக்களின் நோயாளிகள் வந்து குவிகிற பெரிய ஆஸ்பத்திரியில், இன்னொரு டாக்டர் தூக்கமின்றி நிற்கிறார். விருதுநகரில் 2022 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி கட்டினால் மட்டும் இரவு பத்து மணிக்குக் கிராமத்து டாக்டருக்குத் துணிச்சல் வந்துவிடுமா?

பாம்புக்கடி சில்லறை விஷயம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்ததாக ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். செத்தவர்கள் பட்டணத்தார்களாக இருந்திருந்தால் இந்நேரம் தனி மந்திரியே வந்திருப்பார்.

2024 நவம்பரில் தமிழக சர்க்கார் பாம்புக்கடியை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம். அந்தப் படிவத்தில் இன்னும் மூன்று கேள்விகள் வேண்டும் என்கிறேன். நோயாளி எத்தனை மணிக்கு வந்தார்? முதல் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது? போடாமல் அனுப்பியிருந்தால் என்ன காரணம்? மூன்றாவது கேள்விக்கு 'துணைக்கு ஆள் இல்லை' என்று டாக்டர் எழுதினால், பதில் சொல்ல வேண்டியவர் அந்த டாக்டரல்லர். அவரைத் தனியாக விட்ட மேலதிகாரி. ராத்திரிக்கு இரண்டாவது டாக்டரைப் போடட்டும். முறைப்படி வைத்தியம் செய்தும் உயிர் போய்விட்டால், 'இவர் செய்தது சரி' என்று ஜில்லா அதிகாரி வாசலுக்கு வந்து ஜனங்களிடம் சொல்லட்டும். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008-லேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அன்று எங்கள் வாசலில் நின்றிருந்தால் என் தம்பி கையை ஓங்கியிருக்க மாட்டான்.

சர்க்காரை மட்டும் திட்டிவிட்டுப் பேனாவை மூடினால் நான் அயோக்கியன். வாசகர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டு மனிதரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது, நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேரை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் போங்கள். அந்த டாக்டருக்கு 20 நிமிஷம் கொடுங்கள். கொடுத்த பிறகு, "ஏன் ஐயா அனுப்புகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

என் தம்பியை அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் நின்றான். டாக்டர் அவனிடம் கேட்டது ஒன்றுதான்:

"அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?"