ராக் சாகலை, சிபாரிசு பண்ற ஆளைத்தான் கொன்னுட்டு இருக்கோம்

எனக்கு ரெண்டு கூட்டத்தோட சண்டை. முதல் கூட்டம், "நிர்வானாவோட எல்லாம் முடிஞ்சுதுங்க, இப்ப எவன் ஒழுங்கா கிடார் வாசிக்கிறான்" என்று பெருமூச்சு விடுகிற கூட்டம். 1994-ல் கர்ட் கோபேன் செத்த அன்றே காதைக் கழற்றிப் பரண் மேல் போட்டவர்கள். ரெண்டாவது கூட்டம், "புதுப் பாட்டா? அதான் ஆப்பே தானா போடுதே, ஒருத்தர் வந்து சொல்லணுமா என்ன" என்கிற கூட்டம். பார்க்க எதிரெதிர்க் கட்சி மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே காரியத்தைத்தான் பண்றாங்க. ஒரு பாட்டைக் கேட்டு, பிடிச்சுப் போய், இன்னொருத்தனை இழுத்து உட்கார வச்சு "இதைக் கேளுடா" என்று சொல்கிற பழக்கத்தை ஒழித்துக் கட்டுகிறார்கள்.

முதல்ல பெருமூச்சு அண்ணாச்சிகள். உங்களுக்கு வாதமெல்லாம் வேண்டாம், நாலு பாட்டு போதும்.

ஒண்ணு. டப்ளின்காரர்கள் ஃபொன்டெய்ன்ஸ் டி.சி.யின் 'ஸ்டார்பர்ஸ்டர்' (2024). பாடகர் கிரியன் சாட்டனுக்கு லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனில் திடீரென்று பதற்றம் வந்து மூச்சு முட்டிப் போனது. அதிலிருந்து பிறந்த பாட்டு. நடுநடுவே அவர் மூச்சை இழுக்கிற சத்தம் வரும் பாருங்க, முதல் தடவை கேட்கும்போது நம்ம நெஞ்சு அடைக்கும். ரெண்டாவது தடவை அதுவே தாளமாகிடும்.

ரெண்டு. அமெரிக்காவில் நார்த் கரோலினாவின் ஆஷ்வில்லில் இருந்து வந்த வென்ஸ்டே குழுவின் 'புல் பிலீவர்'. எட்டு நிமிஷத்துக்கு மேல ஓடும். கடைசிப் பகுதியில் கார்லி ஹார்ட்ஸ்மன் பாடுவதை விட்டுவிட்டு அலற ஆரம்பிச்சுடுவார். கோபேன் அலறினது மட்டும்தான் நிஜ அலறல்னு நினைக்கிறவங்க அவசியம் கேட்கணும்.

மூணு. அதே குழுவில் கிடார் வாசித்த எம்.ஜே. லெண்டர்மேன் தனியாகப் போட்ட 'மானிங் ஃபயர்வொர்க்ஸ்' (2024) ஆல்பத்தில் 'ஷீ ஈஸ் லீவிங் யூ'. தோத்துப்போன ஒரு ஆம்பளையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யும், பக்கத்துல உட்கார்ந்து தோளைத் தட்டவும் செய்யும். நீல் யங் பிடிச்சவங்களுக்கு இது பிடிக்காமப் போக வாய்ப்பே இல்லை.

நாலு. நியூயார்க் ப்ரூக்ளின் பசங்க கீஸ். 2025-ல் வந்த 'கெட்டிங் கில்டு' ஆல்பத்தில் 'டாக்ஸஸ்'. முதல் பாதி முழுக்கத் தாளமும் புலம்பலும். பாதியில் கிடார் திறந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, அதுக்கு மேல சொல்ல மாட்டேன். இருபது வயசைக் கொஞ்சம் தாண்டின பசங்க வாசிச்சது இது. 'இப்ப எவன் வாசிக்கிறான்'னு கேட்டீங்களே, இவன்தான் வாசிக்கிறான்.

இதுக்கப்புறமும் செத்துப்போச்சுன்னா, செத்தது ராக் இல்லீங்க. நான் அந்த விஷயத்துக்குப் போகலை :-)

சரி, ரெண்டாவது கூட்டத்துக்கு வருவோம். இவங்கதான் நிஜமாவே ஆபத்து. 

சிபாரிசுன்னு தமிழ்ல ஒரு சொல் இருக்கு. அதுக்கு ரெண்டு முகம். நண்பன் "இந்த டாக்டர்கிட்ட போ, நல்லாப் பார்ப்பார்" என்பதும் சிபாரிசு. காசு வாங்கிட்டு "நம்ம பையன், பார்த்துச் செய்ங்க" என்பதும் சிபாரிசு. 2015-ல் ஸ்பாட்டிஃபை 'டிஸ்கவர் வீக்லி' என்று திங்கட்கிழமைதோறும் முப்பது பாட்டு கொடுக்க ஆரம்பித்தபோது அது முதல் வகைன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம். 2020 நவம்பரில் அதே கம்பெனி 'டிஸ்கவரி மோட்' என்று ஒன்றை அறிவித்தது. அதன்படி பாட்டுக்காரரோ அவர் கம்பெனியோ, 'இந்தப் பாட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளி விடுங்க' என்று கேட்டுக்கொள்ளலாம். முன்பணம் வேண்டாம். அப்படித் தள்ளிவிட்டதால் வருகிற ராயல்டியில் 30 சதவீதத்தைக் கமிஷனாகப் பிடித்துக்கொள்வார்கள். இது எந்த வகை சிபாரிசுன்னு நீங்களே சொல்லுங்க.

அடுத்தது ஆயிரம் கணக்கு. 2024-லிருந்து அங்கே ஒரு விதி. ஒரு பாட்டு பன்னிரண்டு மாசத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படவில்லை என்றால் அந்தப் பதிவுக்கு ராயல்டி கிடையாது. 999 தடவை கேட்டாலும் பூஜ்யம்தான். பெரிய ஆளுக்கு இதனால ஒண்ணும் ஆகாது. அடி விழுறது எங்கேயோ ஒரு சின்ன ஊரில் கார் ஷெட்டில் பாட்டு பதிவு செய்கிற நாலு பேருக்கு. அந்த ஆயிரத்துக்கு வர்ற காசு நாலு பேர் டிபன் சாப்பிடக்கூடக் காணாதுதான், ஒத்துக்கிறேன். ஆனா 'உன் பாட்டைக் கணக்கிலேயே எடுத்துக்க மாட்டோம்' என்று சொல்வது வேற விஷயம் இல்லையா?

இன்னும் கூத்து கேளுங்க. 2025-ல் வெல்வெட் சன்டவுன் என்று ஒரு ராக் 'குழு'. எழுபதுகள் வாசனையோட பாட்டு, மாசத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல கேட்டாங்க. கடைசியில் பார்த்தா டிரம்மரும் இல்லை, கிடாரிஸ்டும் இல்லை. செயற்கை நுண்ணறிவு வைத்துச் செய்தது என்று அவர்கள் பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். மெஷினே பாட்டு போட்டு, மெஷினே சிபாரிசும் பண்ணினா நடுவுல நாம எதுக்கு? சந்தா கட்டவா?

"அப்படின்னா பழைய விமர்சகர்கள் மட்டும் யோக்கியமா? பிட்ச்ஃபோர்க் காரங்க தசமத்துல மார்க் போட்டு எத்தனை பேரைக் கவுத்தாங்க" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. திமிர் பிடிச்சவங்கதான். ஆனா திமிருக்கு ஒரு பெயர் இருந்தது. 2004-ல் ஆர்கேட் ஃபயரின் 'ஃப்யூனரல்' ஆல்பத்துக்கு 9.7 போட்டபோது அதன் கீழே எழுதினவர் பெயர் இருந்தது, ஏன் என்று பத்தி பத்தியாக விளக்கம் இருந்தது. 'நீ சொன்னது தப்பு'ன்னு சட்டையைப் பிடிக்கலாம். ஆப்போட சட்டையை எங்க போய்ப் பிடிக்கிறது? அந்தப் பிட்ச்ஃபோர்க்கையும் 2024 ஜனவரியில் ஆட்களைக் குறைத்து ஜி.க்யூ. பத்திரிகையோடு சேர்த்துவிட்டார்கள்.

மனுஷன் சொல்றது இன்னும் எடுபடுமா? எடுபடும். 2024 மார்ச்சில் சிண்டி லீ (பேட்ரிக் ஃப்ளெகல் என்ற கனடாக்காரர்) 'டயமண்ட் ஜூபிலி' என்று 32 பாட்டு, ரெண்டு மணி நேர ஆல்பம் போட்டார். அப்போ அது எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் வரலை. யூட்யூபில் ஒரே நீள வீடியோ, அப்புறம் நம்ம ஜியோசிட்டீஸ் காலத்து வெப்சைட் மாதிரி ஒரு பக்கத்தில் டவுன்லோட். அவ்வளவுதான். எந்த அல்காரிதமும் அதைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒருத்தர் கேட்டு இன்னொருத்தருக்குச் சொல்லி, பிட்ச்ஃபோர்க் 9.1 போட்டு, அந்த வருஷத்தின் முக்கியமான ஆல்பங்களில் ஒன்றாக ஆனது.

இன்னொரு உதாரணம் சகாரா பாலைவனத்தில் இருக்கு. நைஜர் நாட்டு ம்டூ மொக்தார், சைக்கிள் பிரேக் கம்பியைத் தந்தியாகக் கட்டிக் கிடார் செய்து பழகினவர். அவர் பாட்டு அந்தப் பக்கத்தில் பரவியது ரேடியோவால் இல்லை, செல்போன் மெமரி கார்டாலும் ப்ளூடூத்தாலும். ஒரு ஆள் பக்கத்து ஆளுக்கு அனுப்பியே பரவினது. 2024-ல் அவருடைய 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' வந்தது. பிரெஞ்சு ஆதிக்கத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்கிற ஆல்பம். முதல் பாட்டின் கிடாரைக் கேட்டுட்டு வந்து பேசுங்க.

அதனால மக்களே, ஒரு வேண்டுகோள். நம்ம பதிவுகளில் 'கேட்க வேண்டிய 50 இண்டி பாடல்கள்' என்று வெறும் பட்டியல் ஒட்டி ஜல்லியடிக்காதீங்க. அதையும் மெஷின் நம்மை விட வேகமாச் செய்யும். ஒரு பாட்டு எடுங்க. எந்த இடத்தில் உங்களுக்குப் புல்லரித்தது, எது பிடிக்கலை, யாருக்குப் பிடிக்கும்னு எழுதுங்க. உங்க பேரைப் போட்டு எழுதுங்க. நூறு பேர் படிக்கிற பதிவு போதும். நூறு பேரும் பத்து தடவை கேட்டா ஆயிரம் ஆச்சு, ஒரு பாட்டு பூஜ்யக் கணக்கிலிருந்து வெளியே வந்தாச்சு. ரொம்பப் பிடிச்சுதுன்னா பாண்ட்கேம்ப்பில் காசு கொடுத்து வாங்குங்க. டிஜிட்டல் விற்பனையில் அவங்க வழக்கமா எடுக்கிற பங்கு 15 சதவீதம். 2020 மார்ச்சில் ஆரம்பிச்ச 'பாண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் அதையும் விட்டுடறாங்க.

டிஸ்கி: "இதெல்லாம் ராஜா பாட்டு முன்னால நிக்குமா" என்று ஆரம்பிக்கப்போகிறவர்கள், மேலே சொன்னதில் ஒரு பாட்டையாவது முழுசாக் கேட்டுட்டு வரவும். மத்தவங்க பின்னூட்டத்தில் ஒரே ஒரு புதுப் பாட்டு, ஒரே ஒரு காரணம். காரணம் இல்லாத பாட்டு வெளியிடப்பட மாட்டாது :-)