சிவப்பு வண்டியைத் தட்டிப் பாருங்கள்!

பழைய பாத்திரக் கடையில் பித்தளைக் குடம் வாங்கப் போகிறீர்கள். பளபளப்பைப் பார்த்ததும் பணத்தைக் கொடுத்துவிடுவீர்களா? தட்டிச் சத்தம் கேட்பீர்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவீர்கள். ஒரு செம்புத் தண்ணீராவது ஊற்றிப் பார்க்காமல் வரமாட்டீர்கள். பழைய தீயணைக்கும் வண்டி வாங்குவதும் இதே காரியந்தான் என்றால் சிரிக்காதீர்கள், சகோதரிகளே!

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் என் உறவினர் கணக்கு எழுதுகிறார். பஞ்சு இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதுமே! ஆகவே, மில்லுக்கென்று சொந்தத் தீயணைப்புப் படை வைக்கத் தீர்மானித்தார்கள். புது வண்டிக்குப் பணம் போதவில்லை. பழையது ஒன்று விலைக்கு வந்தது. புதுச் சிவப்பு வர்ணம், மின்னும் மணி, நீண்ட ஏணி! மீட்டரும் கொஞ்ச தூரமே ஓடியதாகக் காட்டிற்று. முதலாளி அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கைவிட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில், நாமக்கல்லிலிருந்து வரவழைத்திருந்த வயதான மேஸ்திரி, "கொஞ்சம் பொறுங்க, முதலாளி" என்றார். வெறும் சேஸிஸாக வரும் லாரிக்கு உடம்பு கட்டி அனுப்பும் பட்டறைகள் நிறைந்த ஊர் நாமக்கல். அந்த ஊர்க்காரர் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

"மத்த லாரி ஓடித் தேயுமுங்க. இது நின்னே தேயும்" என்றார் அவர். எவ்வளவு உண்மை! தீப்பிடித்த இடத்தில் வண்டி நின்றுகொண்டிருக்கும். எஞ்சின் மட்டும் மணிக்கணக்கில் பம்பைச் சுழற்றும். அந்தத் தேய்மானம் மீட்டரில் ஏறுவதில்லை.

பிறகு டாங்கியைத் தட்டினார். இம்மாதிரி வண்டிகளில் பல 4,500 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே நாலரை டன் கனம். நிறைகுடம் தளும்பாது, அரைக்குடம் தளும்பும். அதற்காகத்தான் டாங்கிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். அவை துருவேறிக் கழன்றிருந்தால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியின் கதி என்ன ஆகும்!

டயரில் ரப்பர் நிறைய இருந்தது. ஆனால் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கிறதே, அதைப் படிக்க வேண்டும். 2314 என்றால் 2014-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகும்.

முக்கியமான சோதனை பம்புக்கு. நிமிஷத்துக்கு 2,250 லிட்டர் இறைக்கும் பம்பு முழு வேகத்தில் ஓடினால், 4,500 லிட்டரும் இரண்டே நிமிஷத்தில் காலி! அப்புறம் ஏரியிலோ தொட்டியிலோ குழாயைப் போட்டு உறிஞ்ச வேண்டியதுதான். எப்பேர்ப்பட்ட பம்பும் ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. நம் சேலம், நாமக்கல் சீமையின் ஆழக் கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள்! பம்பில் காற்றுப் புகும் சிறு கசிவு இருந்தாலும் ஏழு மீட்டர் என்பது இன்னும் குறைந்துவிடும்.

காகிதங்களையும் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. 2023 ஏப்ரல் முதல், 15 வருஷம் கடந்த அரசாங்க வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை. ராணுவம், சட்டம் ஒழுங்கு போன்ற காரியங்களுக்கான விசேஷ வண்டிகளுக்கே விலக்கு. அரசு இலாகா கழித்த வண்டிக்கு வர்ணம் பூசினால் மட்டும் வயது குறையுமா?

டாங்கியை நிரப்பி ராத்திரி முழுவதும் நிறுத்தி வைத்தார்கள். விடிந்து பார்த்தால் அடியில் மண் சேறாகியிருந்தது. பம்பும் தொட்டித் தண்ணீரை உறிஞ்சாமல் வெறுமனே இரைந்தது. வண்டி வந்த வழியே திரும்பிற்று. அந்தப் பணத்தில், இழுத்துச் செல்லும் புதுப் பம்பு ஒன்றும், தரைத் தொட்டி ஒன்றும் வாங்கிக் கட்டினார்கள். முதலாளிக்கு மணி இல்லாத குறைதான்!

ஏப்ரல் 14 நமக்குப் பெரும்பாலும் வருஷப் பிறப்பு. அதே தேதியில், 1944-இல், பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 60-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் அன்று தீயணைப்புத் தினம். நெருப்புக்கு எதிரே போய் நிற்பவர்களும் யாரோ ஒருத்தியின் புருஷன், யாரோ ஒருத்தியின் பிள்ளை. அவர்கள் கையில் கொடுக்கும் யந்திரத்தைச் சோதிக்காமல் கொடுக்கலாமா?

குடம் ஒழுகினால் நம் புடவை நனையும், அவ்வளவுதான். இந்த வண்டி ஒழுகினால்?