நொச்சி மாலை யாருக்கு?

நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெறும் கால்பந்தாட்டப் போட்டியில் இரு பரிசுகள் வழங்கப்படுகின்றன. வென்ற அணிக்கு ஒரு கோப்பை. மிகுதியான கோல்கள் போட்டவருக்கு ஒரு கேடயம். கோலைக் காத்து நின்றவருக்கு என்ன? தோற்றால் வசை, வென்றால் ஒன்றுமில்லை. இரண்டாண்டுகளாக எங்கள் துறை அணியின் கோல் காவலனாக நின்றவன் என்ற முறையில் இதனை எழுதுகின்றேன். தன்னலம் கருதி எழுதுகின்றான் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இவ்வாண்டோடு என் படிப்பு முடிகின்றது. பரிசு எனக்கு வரப்போவதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலைச் சார்ந்த சாம்பியன் ரீப்ஸ். பிழைப்பு நாடி வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. சயனைடு மேட்டின் அடியில் இரண்டு கல்லை வைத்துப் பந்தாடுவோம். ஓட மாட்டாதவன், வயதில் சிறியவன், புதிதாக வந்தவன் ஆகியோரே அங்குக் 'கோலி'. ஒரு நாள் என்னையும் கோலியாக்கி நிறுத்திவிட்டனர். அழுதுகொண்டே வீடு வந்தேன். தாத்தா கேட்டார்: "ஏண்டா அழுவுற? தங்கராஜ் நின்ன எடம்டா அது!"

அன்று கேட்ட பெயரைப் பின்னர்த்தான் தேடிப் படித்தேன். பீட்டர் தங்கராஜ் 1935ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தவர். இளமையில் செகந்திராபாத்துக் குழுக்களில் ஆடினார். 1953இல் படையில் சேர்ந்து, நீலகிரியில் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்திற்கு வந்தார். கோல் போடும் நடுமுன்னணி வீரராக ஆடிவந்தவரை அங்கேதான் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம். அவ்விடத்தை இழிவென்று அவர் எண்ணியிருந்தால் நமக்கு ஒரு பெருங்காவலர் கிடைத்திருக்க மாட்டார். 1955இலும் 1958இலும் அம்மையத்தின் அணி டூரண்டு கோப்பையை வென்றது. 1956இல் மெல்போர்ன், 1960இல் ரோம் என இரு ஒலிம்பிக் போட்டிகளுக்கு அவர் சென்றார். கல்கத்தாவின் மூன்று பெருங்குழுக்களும் அவரை அழைத்து ஆடவைத்தன. 1967இல் அருச்சுனா விருது பெற்றார். 2008இல் பொக்காரோவில் மறைந்தார்.

அவர் தோல்வி காணாதவர் என்று கூறமாட்டேன். ரோமில் அங்கேரியிடம் 2-1, பெருவிடம் 3-1 எனத் தோற்றோம். பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தோம். மூன்று ஆட்டங்களில் ஆறு கோல்கள்! ஆறு முறை வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தவர், இரண்டாண்டு கழித்து 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் மீண்டும் நின்றார். கூடியிருந்த பெருங்கூட்டம் நமக்கு எதிராக ஆர்ப்பரித்தது. பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் போட்டனர். தென்கொரியா ஒன்றுதான் திருப்பியது. 2-1 என்ற கணக்கில் தங்கம் நமதாயிற்று. அந்த 'இரண்டை' நாடு பாடுகின்றது. அந்த 'ஒன்று' இரண்டாகாமல் நின்றதே, அதனைப் பாடுவோர் எங்கே?

அறிவியல் மாணவன் ஆதலால் ஒரு சிறு கணக்கும் சொல்வேன். தண்டனை உதை 11 மீட்டர் தொலைவிலிருந்து அடிக்கப்படுகின்றது. மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 நொடியில் கோலை எட்டும். கண் கண்டு கை அசைவதற்கே 0.2 நொடி போய்விடும். எஞ்சிய 0.2 நொடியில் 24 அடி அகலத்தையும் 8 அடி உயரத்தையும் ஒரு மனிதன் காத்தாக வேண்டும். விட்டால் ஊரறியும். பிடித்தால் ஆட்டம் தொடரும். அடுத்த நிமிடமே மறந்து போகும்.

என் தாத்தா தங்கராஜை மதித்தது ஏன் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. அவர் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் 'டிம்பர்மேன்'. பாறை வெடித்துச் சரியும் ஆழத்தில், மேற்கூரை விழாமல் தாங்கவைப்பது அவர் தொழில். எத்தனை அவுன்சு பொன் எடுத்தார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. எத்தனை பாறை விழாமல் நின்றது என்பதற்கு ஏடு ஏது? நிகழ்ந்ததை உலகம் எண்ணுகின்றது. நிகழாமல் காத்ததை எண்ணுவதில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகின்றவர்களால்தான் எங்கள் ஊரில் இன்றும் அடுப்பு எரிகின்றது. அவர்களுக்கும் கேடயம் இல்லை.

தமிழனுக்கு இவ்வுணர்வு புதிதன்று. மதிலை முற்றுவோர் உழிஞை சூடினர்; மதிலைக் காத்தோர் நொச்சி சூடினர் என்று படித்திருக்கின்றோம். தாக்குவோருக்கு ஒரு பூவென்றால் காப்போருக்கும் ஒரு பூ! புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகவே வைத்தது. பிற நாட்டாரும் இதனை உணர்ந்தவரே. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரேசில் 28 முறை கோலை நோக்கி அடித்தும் சப்பானிடம் 1-0 எனத் தோற்றது. அவ்வாட்டத்தைப் பேசுவோர் கோல் காவலர் யோசிகாட்சு கவாகுச்சியை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

"கோல் போட்டால்தானே வெற்றி?" என்று கேட்பீர்கள். உண்மை. கேடயத்தை அவர்களிடமிருந்து பறிக்கச் சொல்லவில்லை. அதன் அருகே இன்னொன்று வையுங்கள் என்கின்றேன். செலவு பெரிதன்று, சங்கத்தார் மனம் வைத்தால் இவ்வாண்டே இயலும். தங்கராஜ் பெயரால் அது அமையட்டும். ஐதராபாத்தில் பிறந்து, வெலிங்டனில் வளர்ந்து, கல்கத்தாவில் புகழ்பெற்று, பொக்காரோவில் கண்மூடிய அவர் பெயர், ஊர்விட்டு ஊர் வந்து பயிலும் நமக்கு மிகப் பொருந்தும்.

அடுத்த ஆண்டு முதலாண்டு மாணவன் ஒருவனைக் கம்பங்களுக்கிடையே நிறுத்துவீர்கள். அவன் முகம் வாடினால், என் தாத்தா எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொல்லுங்கள்.