புறக்கடைக் கோழிக்கு யார் பொறுப்பு?

கோழி வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் திணறுகிறது. மூக்கில் சளி, தொண்டையில் கரகரப்பு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். கழுத்து முறுக்கிக்கொள்கிறது. இரண்டொரு நாளில் கூடு காலியாகிவிடுகிறது. நாடெங்கும் கிராமத்துப் பெண்களுக்குப் பழகிப்போன இழப்பு இது.

தமிழகத்தில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இந்த நோய்க்கு, உத்தரகண்டின் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கெட் என்ற ஊரின் பெயரே நாடு முழுவதும் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இந்தியாவில் இது கண்டறியப்பட்டது அங்குதான். வைரஸால் வரும் இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு. அது இந்தியாவிலேயே தயாராகிறது. ஆனால், அது குடிசை வாசல்வரை சென்று சேர்வதில்லை என்பதுதான் வேதனை.

2019-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள 85 கோடி கோழியினங்களில் ஏறத்தாழ 32 கோடி புறக்கடையில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 சதவீதம் அதிகம். பெரும் பண்ணைகளுக்கு மருத்துவரும் குளிர்சாதன வசதியும் உண்டு. பத்துக் கோழி வளர்ப்பவருக்கு எதுவும் இல்லை. தடுப்பு மருந்துக் குப்பியோ நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு உரிய அளவில் வருகிறது. கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.

இந்நிலையில், ஏழைகள் நாடுவது மருந்துக் கடையை. மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோய்க்கு ஆன்டிபயாடிக் மருந்து பயன்படும். வைரஸ் நோய்க்குப் பயன்படாது. எந்த நோய் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், எல்லாத் திணறலுக்கும் அதே மருந்து தண்ணீரில் கலக்கப்படுகிறது. கோழியும் பிழைப்பதில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளர்கின்றன. கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது இந்த அச்சத்தால்தான். தடை மட்டும் போதுமா?

இன்னோர் ஆபத்தும் உண்டு. ராணிக்கெட் நோயையும் பறவைக் காய்ச்சலையும் வெளி அறிகுறிகளை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம்; ஆய்வகச் சோதனை தேவை. 2008-ல் மேற்கு வங்கத்தில் பரவிய பறவைக் காய்ச்சலைக் கட்டுப்படுத்த லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை புறக்கடைக் கோழிகள். "வழக்கமான நோய்தானே" என்ற அலட்சியம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ராணிக்கெட் நோயைக் கட்டுப்படுத்தினால், அசாதாரணச் சாவுகள் உடனே கண்ணில்படும்.

மாடு, ஆடு, பன்றிகளுக்கான கோமாரி நோய்த் தடுப்பூசிக்கு 2019-ல் முழுவதும் மத்திய அரசின் செலவில் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவு அது. ஏழையின் கோழிக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை? தமிழகத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் நடத்தப்படுகிறது. தீவனமாகவே கொடுக்கக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. வழி தெரியாமல் இல்லை.

வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைச் சிறிய அளவுகளில் தயாரித்து, மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் கிராமந்தோறும் வழங்கும் பொறுப்பை மத்திய அரசு ஏற்க வேண்டும். பத்துக் கோழி என்பது தில்லிக்கு அற்பக் கணக்காக இருக்கலாம். நிலமில்லாத ஒரு பெண்ணுக்கு, யாரிடமும் கையேந்தாமல் எடுத்துச் செலவழிக்க இருக்கும் ஒரே சேமிப்பு அதுதான்.