மாறியது அலை, செலவு யார் தலையில்?

மயிலாப்பூர்க் கடலோரத்தில் ஒரு வாரியக் குடியிருப்பு. மொட்டை மாடியில் ஒரு பெரியவர் துருப்பிடித்த இரும்புக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குழாயின் உச்சியில் அலுமினியக் கம்பிகள் வைத்த ஆண்டெனா. கீழேயிருந்து பேரன், "வரலே தாத்தா! இன்னும் கொஞ்சம் திருப்பு!" என்று கத்துகிறான். தாத்தா திருப்புகிறார். வடக்கே, கிழக்கே, மறுபடி வடக்கே. படம் வந்தபாடில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு நாம் நேரில் கண்ட காட்சி இது. பெரியவர் பி அண்டு சி மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடிய பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். வீட்டில் இருந்தது சர்க்கார் கொடுத்த இலவசக் கலர் டி.வி. கேபிளுக்கு மாசாமாசம் பணம் கட்ட முடியாது, ஆகவே ஆண்டெனா. ஒரு நாள் படம் நின்றுபோயிற்று. ரிப்பேர்க்காரர் வந்தார், "ஒயர் கெட்டுப்போச்சு" என்றார். ஒயர் மாற்றினார்கள். பிறகு "பூஸ்டர் வேணும்" என்றார். அதுவும் வாங்கினார்கள். கடைசியில் ஆண்டெனாவே புதிது. ஆக மொத்தம் ஆயிரத்து முன்னூறு ரூபாய் போயிற்று.

ஒயரில் குற்றமில்லை, ஆண்டெனாவிலும் குற்றமில்லை. பழைய முறையில் ஒளிபரப்புவதையே நிறுத்திவிட்டார்கள். கோபுரத்திலிருந்து புறப்படாத அலையை எந்தக் கம்பி பிடிக்கும்? இந்தச் செய்தியை யார் எங்கே சொன்னார்களோ, அந்தப் பெரியவர் காதுக்கு அது எட்டவில்லை. ரிப்பேர்க்காரரையும் நாம் மோசக்காரர் என்று சொல்லமாட்டோம். அவர் காதுக்கும் எட்டவில்லை, அவ்வளவுதான்.

தோழர்களே, இது ஒரு வீட்டுக் கதை அல்ல. சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பமாயிற்று. சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரத்தை அறியாதவர் சென்னையில் உண்டா? முதலில் பங்களாக்களின் கூரையில்தான் ஆண்டெனா முளைத்தது. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அந்த வீட்டு ஜன்னல்களுக்கு வெளியே நின்றுதான் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்தார்கள். பிறகு மெல்ல மெல்லக் குப்பங்களிலும் கம்பி முளைத்தது. 2006-ல் தமிழக சர்க்கார் இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது, கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. கூலி வேலை செய்பவர் வீட்டிலும் பெட்டி வந்தது. அது வந்த பத்து, பதினைந்து வருஷங்களுக்குள், அது பேசத் தெரிந்த பாஷையை வானத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்!

டிஜிட்டல் என்கிற புதிய முறை 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கிற்று. பழைய முறை ஒளிபரப்பிகளை நாடெங்கும் படிப்படியாக மூடினார்கள். 2022 மார்ச்சோடு, முக்கியமான இடங்கள் என்று விட்டுவைத்த ஐம்பது போக, மற்றவற்றின் கதை முடிந்தது. புதிய முறை நல்ல முறைதான், அதை நாம் மறுக்கவில்லை. ஒரே அலையில் பல சானல்களை அடைக்கலாம், மின்சாரம் மிச்சம், படமும் சுத்தம். யந்திரத்தோடு தொழிலாளிக்குச் சண்டையில்லை. யந்திரத்தை யார் செலவில், யாரைக் கேட்டுக்கொண்டு மாற்றுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

புதிய முறையின் சுபாவத்தைத் தறி ஓட்டியவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். பழைய சாதாத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தாலும் தறி ஓடிக்கொண்டே இருக்கும். துணியில் கோடு விழும், அவ்வளவுதான். ஆட்டோமேடிக் தறியில் இழை அறுந்தால் தறியே நின்றுவிடும். டெலிவிஷனும் அப்படித்தான். பழைய முறையில் அலை பலவீனமானால் திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும், மாடிக் கட்டடத்தில் மோதித் திரும்பிய அலையால் ஒருவருக்குப் பக்கத்தில் அவர் நிழல் நிற்கும், ஆனாலும் பார்க்கலாம். புதிய முறையில் அலை ஓரளவு இருந்தால் படம் கண்ணாடிபோல் இருக்கும். அந்த அளவுக்குச் சற்றே கீழே போனால் படம் சதுரம் சதுரமாக உடையும், குரல் விக்கும், பிறகு ஒன்றுமே இராது. நேற்று நன்றாகத் தெரிந்தது இன்று அடியோடு இல்லை என்றால், டி.வி. பாழாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கையளவு திருப்பத்தில் சரியாகிற கோளாறாக இருக்கலாம்.

ஆகவே கடைக்குப் பணம் எடுத்துப்போகும் முன்பு சில விஷயங்களைப் பாருங்கள். முதல் கேள்வி, வீட்டுப் பெட்டிக்குப் புதிய பாஷை தெரியுமா என்பது. பெட்டியோடு வந்த புத்தகத்தில் டிவிபி-டி2 என்று எழுதியிருக்க வேண்டும். சர்க்கார் கொடுத்த பழைய பெட்டிக்கு அது தெரியாது. அதற்குத் தனியாக ஒரு செட்-டாப் பெட்டி வேண்டும், டி.வி.யில் மஞ்சள் நிறத் துளை இருந்தால் அதில் செருகலாம். இது இல்லாமல் ஆண்டெனாவை எந்தத் திசைக்குத் திருப்பியும் பிரயோஜனமில்லை. தெரு முழுவதும் ஒரே நாளில் படம் நின்றிருந்தால் உங்கள் ஒயரைச் சந்தேகிக்காதீர்கள், அக்கம்பக்கத்தை விசாரியுங்கள். பெரியவர் செய்யத் தவறியது இதைத்தான்.

அடுத்தது ஆண்டெனா. பழைய அலைக்கு நீண்ட கைகள் வேண்டும். புதிய முறை ஓடும் யு.எச்.எஃப். அலை குட்டையானது, அதற்குக் குட்டைக் கைகள் கொண்ட ஆண்டெனாதான் சரி. பழைய நீளக் கம்பியில் அதிர்ஷ்டம் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. திசை தெரியவேண்டும்: மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் சேப்பாக்கம் வடக்கே, தியாகராய நகரிலிருந்து வடகிழக்கே. பூஸ்டரை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். கோபுரத்துக்கு மூன்று நான்கு மைலுக்குள் இருப்பவனுக்கு அது எதற்கு? காதுக்கு அருகில் வந்து கத்தினால் பேச்சு புரியாமல் போவதுபோல, அளவுக்கு மிஞ்சிய பலம் பெட்டியைத் திணறடிக்கும். தூரத்துக் கிராமத்தில் இருக்கும் விவசாயத் தொழிலாளிக்குத்தான் அது உதவும்.

கடலோரத்து ஜனங்களுக்கு இன்னொரு சத்துரு உண்டு: உப்புக் காற்று. நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் ஆண்டெனாவின் திருகாணி சீக்கிரமே பூத்துப்போகும். ஒயர் சேரும் இடத்தில் செம்பு பச்சையாகக் களிம்பு பிடிக்கும். ஒயரின் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, இறுக்கி முடுக்கி, மழைத் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றுங்கள். காலணாக் காரியம், பாதிக் கோளாறு இதிலேயே தீரும். பழைய பட்டை ஒயராக இருந்தால் மட்டும் உருண்டை ஒயருக்கு மாற்றுவது நல்லது. எல்லாம் முடிந்த பிறகு பெட்டியில் சானல்களை மறுபடி தேட விடவேண்டும். அலையின் எண்ணை மாற்றிவிட்டால் பெட்டி தானாகக் கண்டுபிடிக்காது.

இத்தனையும் சொல்லிவிட்டோம். ஆனால் அந்த செட்-டாப் பெட்டி எங்கே? புதிய முறை தொடங்கிய பிறகு நாம் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கேபிள் பெட்டி வேண்டுமா, டிஷ் பெட்டி வேண்டுமா என்று கேட்டார்கள். ஆண்டெனாவில் போடும் டிஜிட்டல் பெட்டி என்றதும் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்கள். கோபுரத்தில் கோடிக் கோடியாகக் கொட்டிப் புது அலையைக் கிளப்பிவிட்டு, அதைப் பிடிக்கும் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவராவிட்டால் அது யாருக்காகச் செய்த ஒளிபரப்பு? காக்கைக்கா, கழுகுக்கா? பிறகு, ஆண்டெனாவில் பார்ப்பவர்களே இல்லை என்று கணக்குக் காட்டுவது எளிது.

மற்ற தேசங்களில் இப்படியா செய்தார்கள்? முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே, 2009 ஜூன் 12-ல் பழைய முறையை நிறுத்துவதற்கு முன்பு, பெட்டி வாங்குவதற்காகக் குடும்பத்துக்கு 40 டாலர் கூப்பன் இரண்டு கொடுத்தார்கள். நம் தமிழர்கள் ரப்பர்த் தோட்டங்களில் வியர்வை சிந்திய மலேசியாவைப் பாருங்கள். 2019 ஜூலையில் லங்காவித் தீவில் தொடங்கி, பகுதி பகுதியாகத் தேதி குறித்து, அக்டோபர் 31-ல் முடித்தார்கள். சர்க்கார் உதவித்தொகை பெறும் ஏழைக் குடும்பங்களுக்குப் பெட்டி இலவசம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? கோடி வீட்டுக்கு டி.வி.யே கொடுத்த ராஜ்யம் இது!

காற்றலை பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டே 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தப் பொதுச் சொத்தில் ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? 2003 செப்டம்பரில், தேசத்திலேயே முதல் நகரமாக, சென்னையில் கேபிளின் கட்டணச் சானல்களுக்குப் பெட்டியைக் கட்டாயமாக்கினார்கள். 2019 பிப்ரவரியில் வந்த புதுக் கட்டண முறையில், ஒரு கட்டணச் சானலும் கேட்காதவனுக்கே 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, அடிப்படைக் கட்டணம் விதிக்க வழி செய்தார்கள். வருஷத்துக்கு 1,840 ரூபாய். ஆண்டெனாவில் சும்மா வந்த தூர்தர்ஷனைப் பார்ப்பதற்கும் இந்தத் தண்டம்! வேடிக்கை இதோடு முடியவில்லை. தனியார் கம்பெனிகள் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய கிரிக்கெட் ஆட்டங்கள், தூர்தர்ஷனின் சொந்த ஆண்டெனா ஒளிபரப்பிலும் அதன் டிஷ்ஷிலும் மட்டுமே வரவேண்டும், கேபிள்காரர்கள் வழியாக வரக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பணம் கட்டிக் கேபிளில் தூர்தர்ஷன் பார்ப்பவனுக்கு ஆட்டம் இல்லை.

டிஷ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரிலிருந்து நடக்கிறது. ஒருமுறை குடையும் பெட்டியும் வாங்கினால் மாசக் கட்டணம் கிடையாது. கேபிளுக்குக் கட்ட முடியாத தோழர்களுக்கு இன்றைக்கு நாம் சொல்லக்கூடிய வழி அதுதான். குடை தென்கிழக்கு வானத்தை நன்றாக அண்ணாந்து பார்க்கவேண்டும். நடுவே தென்னை மட்டையோ எதிர்வீட்டுச் சுவரோ கூடாது. ஆனால் ஒண்டுக் குடித்தனத்தில் மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரர் இடுப்பில் அல்லவா தொங்குகிறது? குடை வைக்க இடம் கேட்டால் வாடகையை உயர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

இடம் கிடைத்தாலும் ஒரு குறை உண்டு. டிஷ்ஷுக்கு வரும் அலை கனமழையில் கரைந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டு கொட்டும்போது, எந்த நேரத்தில் செய்தி வேண்டுமோ அந்த நேரத்தில், திரை வெறுமையாகிவிடும். தரையிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் அலையை மழை அவ்வளவாகத் தொடுவதில்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டியபோது கேபிள்கள் அறுந்து தெருவில் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. புயல் எங்கே வருகிறது என்று கடலோரத்தில் இருப்பவன் அறிவதற்கு, அறுவதற்குக் கம்பியே இல்லாத ஒரு வழி வேண்டாமா? மின்சாரம் போனால் அதுவும் நிற்கும், உண்மைதான். பாட்டரியில் ஓடும் சின்னப் பெட்டிக்கும் அந்த அலை போதும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கை சிக்கலானதல்ல. கோபுரத்தை டிஜிட்டலில் ஓட்டுங்கள். கடலோர ஜில்லாக்களிலிருந்து ஆரம்பியுங்கள். அதைப் பிடிக்கும் பெட்டியை ரேஷன் கார்டுக்கு ஒன்று, இலவசமாகவோ அடக்க விலைக்கோ கொடுங்கள். டிஷ் அலையைத் தனிப்பெட்டி இல்லாமல் பிடிக்கும் டி.வி.க்குத் தரம் வகுத்திருப்பதாக 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு அறிவித்தது, அதே டி.வி. தரைக் கோபுரத்து அலையையும் பிடிக்கும்படி செய்து, ஏழை வாங்கும் விலைக்குக் கொண்டுவாருங்கள். எந்த அலையை நிறுத்தினாலும் ஆறு மாசம் முன்பே, திரையின் அடியில் தமிழில், படிக்கத் தெரியாதவர்களுக்காக வாய்விட்டும் சொல்லுங்கள். வாரியக் குடியிருப்புகளின் மொட்டை மாடியில் கட்டடத்துக்கு ஒரு பொது ஆண்டெனா போட்டு எல்லா வீட்டுக்கும் ஒயர் இழுத்தால் செலவு அற்பம். சர்க்கார் செய்யும்வரை காத்திராமல், சங்கங்களும் இந்த வேலையில் கை வைக்கலாம். ஐ.டி.ஐ. படித்த பிள்ளை ஒருவன் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு தெருவையே பார்த்துவிடலாம்.

அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சமீபத்தில் மறுபடி போயிருந்தோம். இரும்புக் குழாய் அப்படியே நிற்கிறது. புது ஆண்டெனாவில் வேட்டி உலர்கிறது. மகள் கேபிள் வாங்கிவிட்டாள். மாசம் எவ்வளவு என்று கேட்டோம். பெரியவர் தொகையைச் சொல்லவில்லை. "ராத்திரிப் பாலை நிறுத்திட்டோம்" என்றார்.