தொட்டிலுக்கும் தறிக்கும் இடையே

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1990-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி இத்தாலியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இன்னசென்டி பிரகடனத்தின் நினைவாக இந்த வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் உறுதிமொழி ஏற்கப்படுகிறது. செவிலிய மாணவியர் பதாகை ஏந்திச் செல்கின்றனர். முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே, பின்னர் இணை உணவுடன் 2 வயது வரையிலும் அதற்கு அப்பாலும் தாய்ப்பால் என்ற உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது. அத்தனை அறிவுரைகளும் தாய்க்கே. ஆனால், காலை 9 மணிக்கு அந்தத் தாய் எங்கே இருக்கிறாள் என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

தாய்மார்களுக்குத் தாய்ப்பாலின் அருமை தெரியவில்லை என்ற எண்ணம் தமிழகத்துக்குப் பொருந்தாது. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நிகழ்கின்றன. ஆயினும், 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் தமிழகத்தில் சுமார் 55 விழுக்காடு. அகில இந்திய அளவில் சுமார் 64 விழுக்காடு. மருத்துவக் கட்டமைப்பில் முன்னிற்கும் மாநிலம் இதில் பின்தங்கியிருப்பதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். சிசேரியன் பிரசவங்களின் பெருக்கமும் அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும். எனினும், சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்ந்து, பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஒரு காரணத்தை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. அது, பெண்ணின் உழைப்பு.

பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி, ஜலகண்டாபுரம் எனத் தறியோசை ஓயாத ஊர்கள் இங்கு ஏராளம். தறி ஓட்டுவதிலும் தார் சுற்றுவதிலும் பெண்கள் இருக்கின்றனர். ஜவ்வரிசி ஆலைகளில் குச்சிக்கிழங்குத் தோல் உரிப்பவர்கள் அவர்களே. நூற்பாலை, கோழிப்பண்ணை, செங்கல் சூளை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஆகியவற்றிலும் அவர்களைக் காணலாம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் பெருகியுள்ள தனியார் பள்ளி, கல்லூரிகளின் வகுப்பறைகளும் பெண் ஆசிரியர்களை நம்பியே இயங்குகின்றன. இவர்களில் எவரும் பொழுதுபோக்குக்காக வேலைக்குச் செல்வதில்லை.

சட்டம் என்ன தருகிறது? 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. 26 வாரம் என்பது 182 நாள்கள். கணக்குக்கு 6 மாதம் வந்துவிடுகிறது. ஆனால், இந்த விடுப்பில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். நின்றபடியே உழைக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கு அது தேவையும்கூட. அப்படி எடுத்துக்கொண்டால், பிரசவத்துக்குப் பின் எஞ்சுவது 18 வாரங்கள். குழந்தைக்கு நான்கு மாதம் நிறைந்த சில நாள்களிலேயே தாய் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். மருத்துவர் சொல்லும் 6 மாதத்துக்கும் சட்டம் தரும் நாள்களுக்கும் இடையே 8 வார இடைவெளி விழுகிறது. மூன்றாவது குழந்தை என்றால் மொத்த விடுப்பே 12 வாரம்தான்.

இந்த இடைவெளியை நிரப்பவே சட்டத்தில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் தவிர, நாளொன்றுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளை. மற்றொன்று, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம். தாய் அங்கு நாளொன்றுக்கு நான்கு முறை சென்றுவர அனுமதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவற்றைத் தன்னுள் சேர்த்துக்கொண்டுள்ளது. ஏட்டில் குறையில்லை. ஆனால், குழந்தை 15 கிலோ மீட்டருக்கு அப்பால் பாட்டியின் மடியில் இருக்கும்போது, பாலூட்டும் இடைவேளையால் தாய்க்கு என்ன பயன்? காப்பகம் அருகில் இல்லையென்றால் இடைவேளையும் பொருளற்றுப் போகிறது. ஓர் உரிமை மற்றோர் உரிமையின் தோளில்தான் நிற்கிறது.

காப்பகம் பற்றிய விதியில் ஒரு பொருளியல் பாடமும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 30-க்கும் மேற்பட்ட பெண்கள் பணிபுரிந்தால் காப்பகம் வேண்டும் என்றது. நோக்கம் நல்லதே. ஆனால், பெண்களின் எண்ணிக்கையை 30-க்குள் நிறுத்திக்கொண்டால் செலவு மிச்சம் என்ற கணக்குக்கும் அது வழிவிட்டது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண், பெண் என்று பாராமல் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையை அளவுகோலாக்கியது சரியான மாற்றம். குழந்தை தாய்க்கு மட்டும் உரியதல்ல என்பதைச் சட்டம் மறைமுகமாக ஒப்புக்கொண்ட இடம் அது. ஆயினும், 50 பேர் என்ற வரம்பு நம் பகுதியின் தொழில் அமைப்பை அறியாதது. நான்கு தறி, எட்டுத் தறி என ஓடும் கூடங்களும், வீட்டுத் திண்ணையில் நடக்கும் கொலுசு வேலையும் அந்த வரம்பை எந்நாளும் தொடப்போவதில்லை.

அடுத்தது, செலவை ஏற்பது யார் என்ற கேள்வி. இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வரும் தொழிலாளிக்கு 26 வார ஊதியத்தையும் காப்பீட்டு நிதியே தருகிறது. தொழிலதிபரும் தொழிலாளியும் மாதந்தோறும் சிறுகச் செலுத்திய நிதி அது. தனியொரு நிறுவனத்தின் தலையில் சுமை விழுவதில்லை. ஆனால், மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முழு ஊதியத்தையும் நிறுவனமே தர வேண்டும். சிறிய பள்ளியோ நிறுவனமோ இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் நிலை இங்குதான் தோன்றுகிறது. இத்தகைய சுமையைத் தனி முதலாளி நேரடியாகச் சுமக்கக் கூடாது, சமூகக் காப்பீடோ பொது நிதியோ ஏற்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கோட்பாடு. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஊதியத்தில் 7 வாரப் பகுதியை அரசே ஈடுசெய்யலாம் என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2018-இல் முன்வைத்த யோசனையும் செயல்வடிவம் பெறவில்லை.

இதற்கு நேர்மாறாக, தமிழக அரசுப் பணியில் உள்ள பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு கிடைக்கிறது. தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளோடு பிணைந்தது என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவை பாராட்டுக்குரியவை. ஆனால், அதே தெருவில் தறி ஓட்டும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். அதை 6 மாதங்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். நூறு ரூபாயை நம்பி எந்தத் தொழிலாளியும் ஆறு மாதம் வீட்டிலிருக்க முடியாது. இரண்டாவது மாதத்திலேயே குழந்தையைத் தறிக்கூடத்தின் தூளியில் கிடத்திவிட்டு, இரைச்சலுக்கும் பஞ்சுத் தூசுக்கும் நடுவே அவள் வேலையைத் தொடர்கிறாள்.

என்னிடம் முன்னர் பயின்ற மாணவி ஒருவர், தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். குழந்தைக்கு ஐந்தாவது மாதம் நடக்கும்போது பணிக்குத் திரும்பினார். பாலை எடுத்துவைக்க அவருக்குக் கிடைத்த இடம், பழைய விடைத்தாள்கள் அடுக்கிய, தாழ்ப்பாள் இல்லாத ஓர் அறை. கதவுக்கு வெளியே தோழி ஒருவர் காவல் நிற்க வேண்டியிருந்தது. மூன்று வாரங்களில் அந்த முயற்சியைக் கைவிட்டுப் புட்டிப்பாலுக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். பொருளியலில் தேவையும் வழங்கலும் தனித்தனி விசைகள். தாய்ப்பாலிலோ தேவையே வழங்கலை உண்டாக்குகிறது. குழந்தை குடிக்கக் குடிக்க, அல்லது பாலை எடுக்க எடுக்கத்தான் அது சுரக்கும். பகல் முழுவதும் எடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். நாளடைவில் சுரப்பும் குறையும். 'பால் வற்றிவிட்டது' என்று வீட்டார் சொல்லும் பல இடங்களில், உண்மையில் வற்றியது பணியிடத்தின் வசதிதான்.

தாயின் பாலைக் கையாலோ கருவியாலோ எடுத்துச் சுத்தமான மூடியிட்ட பாத்திரத்தில் வைத்து, அவள் இல்லாத நேரத்தில் சங்காலோ பாலாடையாலோ புகட்டுவது மருத்துவர்கள் ஏற்கும் முறை. அறை வெப்பம் 25 டிகிரி வரை இருந்தால் 4 மணி நேரம் வைக்கலாம் என்பது பொதுவான வழிகாட்டுதல். சேலத்துக் கோடையில் அந்தக் கணக்கு செல்லாது. குளிர்பதனப் பெட்டி வேண்டும். பாலை அடுப்பில் காய்ச்சாமல், பாத்திரத்தை வெந்நீரில் வைத்துக் குளிர்ச்சியைப் போக்க வேண்டும். வேலைக்குத் திரும்புவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே தாயும் குழந்தையும் பழகத் தொடங்குவது நல்லது. காலையில் கிளம்பும் முன்பும், மாலை திரும்பியதும், இரவிலும் நேரடியாகப் பாலூட்டினால் சுரப்பு நிலைக்கும். இதற்குத் தேவையானவை தாழ்ப்பாளுடன் ஓர் அறை, ஒரு நாற்காலி, தண்ணீர்க் குழாய், சிறிய குளிர்பதனப் பெட்டி. ஓர் அலுவலகத்தின் தேநீர்ச் செலவைவிடப் பெரிய செலவல்ல இது.

பொது இடங்களில் தமிழகம் வழிகாட்டியிருக்கிறது. 2015 ஆகஸ்டில் 350-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியும் உள்ளது. ஆனால், வங்கி குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற சிசுக்களுக்கும் உரியது. பேருந்து நிலைய அறை குழந்தையோடு பயணம் செய்பவளுக்கு உரியது. குழந்தையைப் பிரிந்து 8 மணி நேரம் உழைப்பவளுக்கான அறை இன்னும் கட்டப்படவில்லை.

'புட்டிப்பால்தான் இருக்கிறதே' என்போர் உண்டு. தவிர்க்க முடியாத நிலையில் மருத்துவர் ஆலோசனையுடன் அதைக் கொடுக்கும் தாயைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், கூலி குறைந்த வீட்டில் பால்மாவு டப்பா நீண்டநாள் வரவேண்டும் என்பதற்காக மாவு குறைந்து தண்ணீர் கூடுகிறது. புட்டியின் சுத்தமும் கேள்விக்குறியாகிறது. பால்மாவு விற்றால் அது நாட்டு வருமானத்தில் சேரும். தாய்ப்பால் எந்தக் கணக்கிலும் வராது. வாராத வருமானத்தைக் கணக்கிட்டுக் காட்டியது 2016-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொடர்: போதிய தாய்ப்பால் ஊட்டப்படாததால் உலகம் ஆண்டுக்கு இழப்பது சுமார் 30,000 கோடி டாலர். பெண் வீட்டோடு இருந்தால் சிக்கல் தீரும் என்ற வாதமும் நிற்காது. அவளது கூலி நின்றால், பாலூட்டும் அவளது உணவுதான் முதலில் குறையும்.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. விடுப்புக் கணக்கு எப்படியிருப்பினும், பிரசவத்துக்குப் பின் முழுமையாக 26 வாரம் தாய்க்குக் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும். மகப்பேறு ஊதியத்துக்கென எல்லா நிறுவனங்களும் பங்களிக்கும் பொது நிதியை உருவாக்கி, இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்களின் வழியே, பிரசவத்துக்குப் பின் 6 மாதங்களுக்கு மாதந்தோறும் குறைந்தபட்சக் கூலியில் பாதியேனும் வழங்கலாம். தறிக்கூடங்கள் நெருங்கியுள்ள தெருக்களில், பல சிறு முதலாளிகளும் உள்ளாட்சியும் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம். தமிழகத்தின் 50,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் 2 வயது நிறைந்த குழந்தைகளுக்கே பகல்நேர இடம் தருகின்றன. தொழிற்பகுதிகளிலேனும் கைக்குழந்தைகளுக்கான பிரிவை அவற்றில் தொடங்க வேண்டும்.

தாய்ப்பால் வாரத்தில் தாய்மார்கள் உறுதிமொழி எடுத்தது போதும். அடுத்த ஆகஸ்டில் அந்த உறுதிமொழியை ஆலை உரிமையாளர்களும் கல்லூரித் தாளாளர்களும் தொழிலாளர் துறை அதிகாரிகளும் எடுக்கட்டும்!

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).